பாறை மீனைத் துரத்தியது தூண்டில் அல்ல

திருவனந்தபுரம் கடற்கரைக்கு ராடும் ரீலுமாக வருகிறவரைப் பற்றிய தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. அவர் காசுக்காரர். ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மரத்துண்டைக் கடலில் எறிகிறார். இருபது கிலோ பாறை மீன் மாட்டினால் படம் எடுத்துக்கொண்டு மறுபடி கடலிலேயே விடுகிறார். தொழிலாளி கடனுக்கு மண்ணெண்ணெய் வாங்கிக் கடலுக்குப் போகிற கரையில் இது திமிர், மீனுக்கோ சித்திரவதை, போதாக்குறைக்கு வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பழக்கம். கடல் உரிமை பேசும் நண்பர்களும் இதைச் சொல்கிறார்கள், கோவளத்தில் காலை நடை போகும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் தூண்டில்காரர்களில் பலரும் இதையேதான் தங்கள் பாணியில் நம்புகிறார்கள். பெரிய பாறை வேண்டுமானால் அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ விமானம் ஏற வேண்டும், இங்கே என்ன கிடக்கிறது என்பார்கள். ஆக, ஸ்டிக்பைட் என்ற அந்த மரத்துண்டுக்கும் இந்தக் கடலுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை.

நான் இதை ஏற்கவில்லை. ராடு பிடித்தவரைத் திட்டி முடித்த நிம்மதியில், இந்தக் கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டுகளை, அதாவது பார்களை, உண்மையில் பாழாக்கியவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஸ்டிக்பைட் என்பது ஒரு சாண் நீளத்தில், மீன் வடிவத்தில் சீவி வண்ணம் பூசிய துண்டு. மரத்திலும் வரும், பிளாஸ்டிக்கிலும் வரும். பெரிய மீனுக்கானது நூறு கிராம் முன்பின் இருக்கும். பாப்பர் என்ற பொய் இரைக்கு வாய் குழிந்திருக்கும், இழுத்தால் நீரை அறைந்து சத்தம் போடும். மின்னோ வகைக்குத் தாடையில் ஒரு தகடு உண்டு, இழுத்தால் தானாகவே ஆடும். ஸ்டிக்பைட்டுக்கு இந்த இரண்டும் கிடையாது. வயிற்றுக்குள் ஈயத்தை எங்கே வைத்திருக்கிறார்கள், ராடைப் பிடித்த கை எப்படி இழுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீளமாக ஓர் இழுப்பு கொடுத்தால் நீருக்குள் வழுக்கிப் புகுந்து நெளிந்து ஓடும். நிறுத்தினால் தளர்ந்து மேலே மிதந்து வரும். அடிபட்ட முரல் ஒன்று கூட்டத்தைவிட்டுப் பிரிந்து தடுமாறுகிற அசைவு அது. பாரின் விளிம்பில் நீரோட்டத்தை எதிர்த்து நின்று வேட்டையாடும் பாறை மீன் பெரும்பாலும் அந்தத் தளர்ச்சியின் நேரத்தில்தான் பாயும். கை பழகாதவரிடம் இந்த ஐயாயிரம் ரூபாய்ச் சாமான் வெறும் விறகு.

பாறை இனத்திலேயே பெரியது, தூண்டில்காரர்கள் ஜி.டி. என்று சுருக்கிச் சொல்லும் ஜயன்ட் டிரெவல்லி. பாறை, வற்ற என்று இந்தக் கரை அழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. செங்கடலிலிருந்து கிடைத்த மீனை வைத்து ஃபோர்ஸ்கால் 1775இல் இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். தூண்டிலில் பிடிபட்டவற்றில் உலகப் பதிவு 72.8 கிலோ, ஜப்பானின் டோக்காராத் தீவுகளில், 2006இல். நம் பக்கத்தில் அந்த அளவை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இந்த மீன் செங்கடல் முதல் ஹவாய் வரை பரவிய இனம். திருவனந்தபுரத்துப் பார்கள் அந்த எல்லைக்கு உள்ளேதான் இருக்கின்றன.

இனி ‘வெளிநாட்டுப் பழக்கம்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். ஸ்டிக்பைட்டின் மூதாதையரில் ஒன்று 1939இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஜாரா ஸ்பூக். பெரிய கடல்மீனுக்கு ஏற்ற இன்றைய வடிவத்தைத் தேய்த்து மெருகேற்றியவர்கள் ஜப்பானியர்கள். இதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் பொய் இரையால் மீனை ஏமாற்றுவதை இந்தக் கரைக்கு யாரும் வந்து கற்றுத்தரவில்லை. விழிஞ்ஞம், பூந்துறை, புல்லுவிளை, புதியதுறைத் தூண்டில்காரர்கள் மின்னும் இழையை முள்ளில் கட்டி அயலையும் கொழுவாலையும் பிடிப்பவர்கள். ஓடும் படகின் பின்னால் இரையில்லாத முள்ளை இழுத்துவிட்டுச் சூரையும் நெய்மீனும் பிடிப்பவர்கள். கணவாய்க்கு இறால் வடிவப் பொய் இரை போடுகிறார்கள். தென்னங்குலைத் தண்டில் மணல்மூட்டை கட்டிக் கடலடியில் இறக்கி, முட்டையிட வரும் கணவாயை அங்கே கூட்டுவதும் இவர்கள் கண்ட வழி. ஆளைப் பார்த்தால் லுங்கி கட்டியிருக்கிறார், கையில் தங்கூசி சுற்றிய கட்டை இருக்கிறது, அதனால் அது தொழில். இன்னொருவர் தொப்பி போட்டிருக்கிறார், கையில் கார்பன் ராடு இருக்கிறது, அதனால் அது மேற்கத்திய ஆடம்பரமா? மீனின் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஏமாற்று.

பிறப்பிடம்தான் அளவுகோல் என்றால் அந்தக் கணக்கையும் முழுதாகப் போட்டுவிடுவோம். இந்தக் கரையின் வள்ளங்களில் இன்று ஓடும் வெளிப்பொருத்து எஞ்சின் 1980களில் பரவிய ஜப்பானியச் சரக்கு. கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்த பிளைவுட் படகு, முட்டம் பக்கத்தில் பியர் ஜில்லே போன்ற வெளிநாட்டவரும் உள்ளூர்த் தச்சர்களும் சேர்ந்து தட்டி எடுத்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், 1953இல் கொல்லம் நீண்டகரையில் தொடங்கிய இந்தோ நார்வே திட்டம். கடலடியை வாரும் இழுவை மடி கேரளத்தில் வேரூன்றியது அந்த வழியில்தான். அதை ‘வளர்ச்சி’ என்று பாடப்புத்தகத்தில் எழுதிவிட்டு, ஒற்றை முள்ளைப் பார்த்து அந்நியம் என்று முகம் சுளிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது. தொழிலாளியின் மீனை விளையாட்டுக்காரர் பிடித்துப்போகிறார் என்கிறார்கள். அப்படியானால் மீன் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்தின் கடலடியில் பார்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்பதைத் தூண்டில்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மனத்தில் வரைந்து வைத்திருந்தார்கள். கரையில் ஒரு தேவாலயக் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மலைமுகடும் நேர்ப்படும் கோடு ஒன்று. வேறு இரண்டு அடையாளங்கள் நேர்ப்படும் கோடு இன்னொன்று. இரண்டும் வெட்டுகிற இடத்தில் கல் போட்டால் அடியில் பார். கணிச்சம் என்பது இந்த வித்தையின் பெயர். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு, எந்த நீரோட்டத்தில் எந்தப் பக்கம் கலவா நிற்கும், எந்தப் பக்கம் செப்பிலி கடிக்கும் என்ற கணக்கும் உண்டு. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த ராபர்ட் பனிப்பிள்ளை இந்த அறிவை எழுத்தில் பதித்தார். அவருடைய ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப் குழு முக்குளித்து, கேமராவில் இந்தப் பார்களைப் பதிவுசெய்தது. அதன் பிறகுதான் நகரத்தில் இருப்பவர்களுக்கு, சங்குமுகத்து மணலுக்கு அப்பால் வெறும் தண்ணீர் மட்டும் இல்லை என்பது தெரிந்தது.

அந்தப் பார்களின் விளிம்பை இழுவை மடி உரசியது. மடி கிளப்பிய கலங்கல், பாரில் ஒட்டி வாழும் உயிர்கள்மேல் படிந்தது. பாரில் சிக்கி அறுந்த வலைகள் அங்கேயே கிடந்து ஆளில்லாமல் மீன் கொன்றன. கேரளத் தொழிலாளிகள் இதை எதிர்த்துப் பட்டினி கிடந்தார்கள், மறியல் செய்தார்கள். குழு மேல் குழு அமர்த்திய பிறகு 1988இல்தான் மழைக்கால இழுவைத் தடை வந்தது. அரசுக்காகக் காத்திராமல் திருவனந்தபுரத்துத் தூண்டில்காரர்கள் 1980களில் தாங்களே கடலில் பார் கட்டினார்கள். கருங்கல், தென்னங்கட்டை, பழைய டயர், கிணற்று உறை என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினார்கள். மீன் கூடவும் வேண்டும், மடி வந்தால் கிழியவும் வேண்டும். வளர்ச்சி ஆய்வு மையத்தில் இருந்த பொருளியலாளர் ஜான் குரியன் இந்த மக்கள் பார்களைப் பற்றி 1995இல் விரிவாக எழுதினார். இன்று அரசும் அந்த வழிக்கு வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் விழிஞ்ஞத்தில் தொடங்கிவைத்த திட்டத்தின்படி, பொழியூர் முதல் வர்க்கலை வரை 42 மீனவ ஊர்களின் கடலில் 6,300 கான்கிரீட் வடிவங்கள். கட்டியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு இந்தக் கடலைக் கொண்டுவந்தது எது? மும்மூன்று பேராகப் பெருமாதுறை முதலப்பொழி அலைதடுப்பில் நின்று எறிந்தவர்களா?

பாரைப் பாழாக்கியது இழுவை மடி மட்டுமல்ல. விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்காகக் கடலடி தோண்டப்பட்டது, மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் கொட்டப்பட்டது. சிப்பி எடுப்பவர்களும் தூண்டில்காரர்களும் தங்கள் பார்கள் மண்மூடுவதைச் சொன்னார்கள். 2022இல் நூறு நாளைத் தாண்டிப் போராடினார்கள். 2025 மே 2இல் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே மாதம் 25ஆம் தேதி எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்குத் தெற்கே மூழ்கியது. அதன் பிளாஸ்டிக் குருணை திருவனந்தபுரம் கரை வரை ஒதுங்கியது. இவ்வளவும் நடந்த கடலில், பாறை மீன் குறைந்ததற்கு ராடு பிடித்தவரைக் கூண்டில் ஏற்றுவது அவருக்கு இழைக்கும் அநீதி என்பதைவிட, தொழிலாளிக்கு இழைக்கும் அநீதி. ஏனென்றால் கரைப் பார் வெறுமையானால் அவர் தூரம் போகிறார். தூரம் போனால் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் இந்தக் கரைக்கும் குமரிக் கரைக்கும் காட்டிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. எதிர்த்தரப்பின் வாதங்களில் நான் உண்மையாகவே மதிப்பது இது ஒன்றைத்தான். பிடித்த மீனைத் தின்னவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன், விட்டுவிடுவேன் என்றால் எதற்குப் பிடித்தாய்? உன் அரைமணி நேரச் சந்தோஷத்துக்கு அது ஏன் தொண்டை வறள இழுபட வேண்டும்?

மீனுக்கு வலிக்காது என்று பதில் சொல்கிற தூண்டில்காரர்களோடு நான் சேரமாட்டேன். அது வசதியான பொய். இழுபடும் மீனின் தசையில் அமிலம் ஏறுகிறது, களைக்கிறது, விட்ட பிறகு சுறா பிடித்துப்போவதும் உண்டு. ஆனால் ‘விடுவது வீண்’ என்ற பேச்சு மீனின் கணக்கில் நிற்காது. பாறை மீன் இரண்டடி வளர்ந்து முதல் முட்டை இடுவதற்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. அதன் பிறகு உடல் இரண்டு மடங்கானால் முட்டை இரண்டு மடங்குக்கும் மேலே போகும். பாரின் மேல் நிற்கும் பெரிய பெண்மீன்தான் அந்தப் பாரின் நாளைய இருப்பு. ஸ்டிக்பைட் தேடுவதும் சரியாக அந்தப் பெரிய மீனைத்தான். பிடித்ததைக் கொன்று கரைக்குக் கொண்டுவந்தால் அப்போதுதான் தூண்டில்காரர் உண்மையான குற்றவாளி ஆகிறார். விடுவதால் அவர் தொழிலாளியின் சோற்றில் மண் போடவில்லை. அந்த மீன் திரும்பிப் போகிற இடம் தொழிலாளியின் பார்.

இதில் ஸ்டிக்பைட்டுக்கென்று ஒரு தனி நியாயமும் உண்டு. நாற்பது பாகம் ஆழத்திலிருந்து கலவாவையோ செப்பிலியையோ சடாரென்று மேலே தூக்கினால் அழுத்தம் குறைந்து காற்றுப்பை உப்பும், சில நேரம் இரைப்பை வாய்க்கு வந்துவிடும். அதை விட்டாலும் கீழே போக முடியாமல் மிதந்து சாகும். மேல்நீரில் ஓடும் ஸ்டிக்பைட்டைக் கடித்த பாறைக்கு இந்த ஆபத்து இல்லை. பெரிய மீனை உயிரோடு விடத்தான் நோக்கம் என்றால், ஆழத்தில் இரும்புத் துண்டு இறக்கும் ஜிக்கிங்கைவிட இது மேல்.

சரி, எல்லோரும் ஒழுங்காகவா விடுகிறார்கள்? இல்லை. என் கோபத்தில் பாதி அவர்களுக்கும் போக வேண்டும். கடையில் வருகிறபடியே இரண்டு மும்முனை முள்ளை வயிற்றிலும் வாலிலும் தொங்கவிட்டு எறிகிறார்கள். அது மீனின் கண்ணையும் செவுளையும் கிழிக்கிறது. தாடையில் இடுக்கி மாட்டி, முப்பது கிலோ உடம்பை ஆகாயத்தில் தொங்கவிட்டுப் படம் எடுக்கிறார்கள். நீரில் எடையே தெரியாமல் வாழ்ந்த உடம்புக்கு அது எலும்பு முறிக்கிற வேலை. சுடுகிற கல்லில் போட்டு நாலு கோணத்தில் படமெடுத்த பிறகு ‘பத்திரமாக விட்டோம்’ என்று எழுதுகிறார்கள். பத்திரமா?

மாற்றுவழி தொலைவில் இல்லை. லட்சத்தீவின் மினிக்காயில் கம்புத் தூண்டிலில் சூரை பிடிப்பவர்களின் முள்ளில், மீன் நழுவாமல் தடுக்கும் எதிர்க்கூர் கிடையாது. அவர்களுக்கு அது தொழில் வேகத்துக்காக. தளத்தில் விழுந்ததும் மீன் தானாகக் கழன்றுகொள்ளும். நம் தூண்டில்காரர் மும்முனையைக் கழற்றி, எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிய ஒற்றை முள்ளை மாட்டினால் போதும். மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் கழற்றிவிடலாம். இதைச் செய்ய மறுப்பவரை விலக்கிவைக்க எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

முள்ளைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உள்ளூர்த் தூண்டில்காரர் ஒருவர் தன் படகில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார் காட்டுகிறார். வந்தவர் சட்டைப்பையில் கைப்பேசி இருக்கிறது. மீனோடு சேர்த்து இடத்தின் எண்களும் பதிவாகின்றன. மறுவாரம் அந்த எண்கள் கைமாறுகின்றன. அப்பனும் பாட்டனும் நட்சத்திரம் பார்த்து, கல் போட்டு, கரைக்கோடு வைத்துக் கண்டுபிடித்து வீட்டுக்குள் காப்பாற்றிய கணிச்சம், கூலிகூடக் கொடுக்காமல் ஊர்ச்சொத்தாகிறது. மீனைத் திரும்ப விட்டுவிடலாம். வெளியே போன பாரின் இடத்தைத் திரும்ப வாங்க முடியாது. விளையாட்டுத் தூண்டிலை எதிர்ப்பவர்கள் இந்தக் களவை எதிர்த்திருந்தால் நான் அவர்கள் பக்கம் நின்றிருப்பேன்.

தூண்டில்காரர் இருப்பதால் கடலுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்குக் காவிரியைக் காட்டுகிறேன். கர்நாடகத்தில் கலிபோரே தூண்டில் முகாமில் கெண்டை பிடித்து விட்டவர்கள், பிடித்ததைக் குறித்துவைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளை வைத்துத்தான், திமில் கெண்டை ஆற்றிலிருந்து மறைந்துகொண்டிருப்பதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2018இல் அந்த மீன் உலக அழிவுப்பட்டியலில் மிக அபாய நிலைக்குப் போனது. பார் மீன்களுக்கு இங்கே அப்படி ஒரு குறிப்பேடு வைப்பது பெரிய காரியமல்ல. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் விழிஞ்ஞத்திலேயே இருக்கிறது. எந்த மாதம், எந்த அளவு, எத்தனை எறிந்ததில் எத்தனை கடி என்று எழுதிக் கொடுத்தால், கட்டிய 6,300 வடிவங்களில் பெரிய மீன் வந்து நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அதனால் மீன்வளத் துறையிடம் நான் கேட்பது தடை அல்ல. விளையாட்டுத் தூண்டிலுக்குப் போகும் படகு உள்ளூர் மீனவருடையதாகவோ மீனவர் கூட்டுறவு அமைப்பான மத்ஸ்யஃபெட்டின் சங்கத்தினுடையதாகவோ மட்டும் இருக்கட்டும். விடுதிக்காரர் வேகப்படகு வாங்கி விடக் கூடாது. வாடகையை ஏலவிலையோடு ஒப்பிட்டு ஊர்ச்சங்கமே நிர்ணயிக்கட்டும். பாறை, நெய்மீன் விலைக்குப் போகிற மீனல்ல. ஒரு நாள் வாடகை அதைவிடக் கூடுதலாகவே நிற்கும். மும்முனை முள்ளுக்கு அனுமதி வேண்டாம். பாறை கூட்டமாக முட்டையிடக் கூடும் நாட்களை உள்ளூர்த் தூண்டில்காரர்களிடமே கேட்டு, அந்த நாட்களில் எல்லோரும் பாரை விட்டு விலகட்டும். பாரின் இடத்தை வெளியிடுகிறவரை எந்தப் படகும் மறுமுறை ஏற்றக் கூடாது. இதற்கெல்லாம் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் ஊர்க்கூட்டம் கூடினால் அடுத்த வாரமே நடைமுறைக்கு வந்துவிடும்.

வாசகருக்கு ஒன்று. கரையில் ராடோடு நிற்பவரைக் கண்டால் விரட்ட வேண்டாம், அவர் முள்ளைப் பாருங்கள். மும்முனையாக இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அப்போது சண்டை போடுங்கள்.